தூக்கத்தைக் கடன் வாங்கியவர்கள்

பதிவு எழுதி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. "ஆளு இருக்கானா, ஊருக்கே ஓடிட்டானா"ன்னு தனிமடல்ல விசாரிச்ச நல்ல உள்ளங்களுக்கு நன்றி. இருக்கேங்க. பெர்லின்லதான் இருக்கேன். தீசிஸ் கொடுக்க வேண்டிய தேதி கழுத்தை நெரிக்க, பகல் எது ராத்திரி எதுன்னு தெரியாம ஓடிட்டு இருக்கு பொழப்பு.

போன மாசம் ஒரு நாள் ராத்திரி. மேசை மேல தலையைச் சாய்ச்சுக் கிடந்தேன். லேப்ல கூட வேலை பாக்குற பையன் ஒருத்தன் பையிலேர்ந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினான். நாலு மாத்திரை இருந்துச்சு. "ஒண்ணு போடு, விடியுற வரைக்கும் ஜம்முன்னு எழுதலாம்"னான். கவனக்குறைபாடு உள்ளவங்களுக்கு டாக்டர் பார்த்து எழுதிக் கொடுக்குற ஊக்க மருந்து அது. அவங்களுக்கு அது மருந்துதான், அதுல தப்பு சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா எனக்கு அந்தக் குறைபாடு எதுவும் கிடையாது. எனக்கு இருந்ததெல்லாம் தூக்கம் மட்டும்தான்.

உண்மையைச் சொல்லிடறேன். போட்டேன்.

பதினோரு பக்கம் எழுதினேன். பசிக்கல, தண்ணி குடிக்கணும்னுகூடத் தோணல. என் வாழ்க்கையிலயே நான் எழுதின சிறந்த பக்கங்கள் இதுதான்னு ஒரு மிதப்பு வேற. மறுநாள் சாயங்காலம் எந்திரிச்சு உக்காந்து படிச்சுப் பார்த்தா, ஒரே வாதத்தை மூணு இடத்துல மூணு விதமா எழுதி வெச்சிருக்கேன். ஒரு அட்டவணையில ரெண்டு வரிசை எண்கள் இடம் மாறிக் கிடக்கு. எட்டு பக்கத்தை அப்படியே அழிச்சேன். மிச்சம் மூணு மாத்திரை மேசை டிராயர்ல இருந்துச்சு.

அதைத் தூக்கிப் போடவும் மனசு வரல, இன்னொண்ணு போடவும் தைரியம் வரல. நம்ம வழக்கப்படி, ரெண்டுல எதையும் செய்யாம இதோட பூர்வீகம் என்னன்னு தேட ஆரம்பிச்சேன் :-) நான் போட்டதுக்குப் பெரியப்பா முறையில ஒரு மாத்திரை இருந்திருக்கு. கதை எங்கெங்கயோ சுத்தி, நான் குடியிருக்குற இந்த ஊருக்கே வந்து நின்னுச்சு. அதைத்தான் இந்தப் பதிவுல சொல்லப் போறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

கதை ஆரம்பிக்கறதும் பெர்லினுக்குப் படிக்க வந்த ஒரு ஆசிய மாணவன்கிட்டதான். பேரு நாகாய் நாகயோஷி. 1870-களில் ஜப்பான் அரசு படிக்க இவரை இங்கே அனுப்பியது. பல வருஷம் படிச்சுட்டு ஊர் திரும்பினார், ஜெர்மன் பெண்ணையே கல்யாணமும் பண்ணிக்கிட்டார். 1885-ல் ஆஸ்துமாவுக்குப் பயன்பட்ட ஒரு மூலிகைச் செடியிலிருந்து எஃபிட்ரின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். 1893-ல் அதிலிருந்து இன்னொரு பொருளைத் தயாரித்தார். அதுதான் மெத்தாம்பெட்டமின். அதை வெச்சு என்ன செய்யறதுன்னு அப்போ யாருக்கும் தெரியல. 1919-ல் அகிரா ஒகாட்டா என்ற இன்னொரு ஜப்பானியர் அதைப் படிக வடிவில் எளிதாகத் தயாரிக்க வழி கண்டார். அதுக்கப்புறமும் அது பெரிசா வெளிய வரல.

வெளிய கொண்டு வந்தது ஒரு பெர்லின் கம்பெனி. ஊரோட தென்கிழக்கு மூலையில யோஹானிஸ்டால்னு ஒரு பகுதி இருக்கு. அங்கே இருந்த டெம்லர் மருந்துத் தொழிற்சாலையில் ஃப்ரிட்ஸ் ஹவுஷில்ட் என்ற வேதியியலாளர் இதை மாத்திரையாக்கினார். 1938-ல் 'பெர்விட்டின்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. மாத்திரைக்கு 3 மில்லிகிராம். சோர்வா இருக்கா, மனசு சரியில்லையா, வேலையில ஊக்கம் இல்லையா, எல்லாத்துக்கும் பெர்விட்டின்! டாக்டர் சீட்டு எதுவும் தேவையில்லை. நம்ம ஊர்ல தலைவலி மாத்திரை வாங்குற மாதிரி வாங்கிப் போட்டிருக்காங்க.

இந்த மாத்திரை ராணுவத்தோட கண்ணுல எப்படிப் பட்டுச்சுங்கற இடம்தான் என்னை நிமிந்து உக்கார வெச்சது. பெர்லின் ராணுவ மருத்துவக் கழகத்தில் உடலியல் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர் ஓட்டோ ராங்கே. "என் முக்கியமான எதிரி களைப்புதான்" என்கிற ரீதியில் யோசிக்கிற ஆள். போர் தொடங்கிய காலத்தில் அவர் பெர்விட்டினை 90 பேருக்குக் கொடுத்துப் பரிசோதித்தார். அந்த 90 பேரும் யாரு தெரியுமா? மாணவர்கள்! ராத்திரி முழுக்க முழிச்சிருந்து கணக்குப் போடச் சொல்லி, கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொல்லிப் பாத்திருக்காங்க.

முடிவு என்ன? தூக்கம் போயிடுச்சு. ஊக்கம் வந்துச்சு. ஆனால் சிக்கலாக யோசிக்க வேண்டிய வேலைகளில் திறமை கூடவில்லை. (என் பதினோரு பக்கத்தை நினைச்சுக்கிட்டேன். எண்பத்தஞ்சு வருஷம் முன்னாடியே இதே ஊர்ல கண்டுபிடிச்ச விஷயத்தை நான் என் செலவுல மறுபடி நிரூபிச்சிருக்கேன்.) ஆராய்ச்சிக்காரனுக்கு இது தோல்வி. ராணுவத்துக்கு? சிப்பாய் யோசிக்கணும்னு யார் கேட்டா? அவன் தூங்காம இருந்தாப் போதும். இந்த மாத்திரை போரை ஜெயிக்க உதவும்னு ராங்கே முடிவு பண்ணிட்டார்.

இந்த மாத்திரை உடம்புக்குள்ள என்ன பண்ணுதுன்னு சுருக்கமாச் சொல்லிடறேன். மூளையில டோபமின், நார்அட்ரினலின்னு ரெண்டு வேதிப்பொருள் இருக்கு. மெத்தாம்பெட்டமின் இது ரெண்டையும் மொத்தமாத் திறந்து விட்டுடும். இதயம் வேகமாத் துடிக்கும், பசி போகும், பயம் குறையும், தன்னம்பிக்கை தலைக்கேறும். ஆனா களைப்பு தீராது. களைப்பைச் சொல்ற குரல்தான் அமுங்கும். பெட்ரோல் தீர்ந்த வண்டியில முள்ளை மட்டும் விரலால தள்ளி 'ஃபுல்'லுக்கு நேரா வெச்ச மாதிரி. நம்ம ஊர்ல சிவராத்திரிக்கு முழிச்சிருக்கோம், மறுநாள் பகல் முழுக்கத் தூங்கி அந்தக் கணக்கைத் தீர்க்கிறோம். இங்கே கணக்கைத் தீர்க்க விடறதில்ல. கடன் மேல கடன். கந்துவட்டி.

1939 செப்டம்பரில் ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தபோதே ராணுவ டாக்டர்களும் ஓட்டுநர்களும் இதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். 1940 ஏப்ரலில் முறைப்படி ஆணையே வந்தது: பகலில் எத்தனை, இரவில் எத்தனை, எவ்வளவு நேரம் கழித்து அடுத்தது என்று. அந்த ஏப்ரலில் தொடங்கி ஜூலை வரை பெர்விட்டினும் அதே போன்ற இன்னொரு மாத்திரையுமாகச் சேர்த்து மூன்றரைக் கோடிக்கும் மேல் ராணுவத்துக்கும் விமானப்படைக்கும் அனுப்பப்பட்டன. இடையில்தான் பிரான்ஸ் மீதான அந்தப் புகழ்பெற்ற மின்னல் போர். மே 10-ஆம் தேதி கிளம்பிய டாங்கிப் படை, ஆர்டென் காட்டைக் கடந்து, மே 20-ஆம் தேதி கடற்கரையைத் தொட்டுவிட்டது. பத்தே நாள். 'டாங்கி சாக்லேட்', 'ஸ்டூகா மாத்திரை'ன்னு செல்லப் பேரெல்லாம் வெச்சிருக்காங்க.

இங்கே ஒரு எச்சரிக்கை. 2015-ல் நார்மன் ஓலர் என்ற ஜெர்மன் எழுத்தாளர் இதைப் பற்றி எழுதிய புத்தகம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதைப் படிச்சுட்டு "மாத்திரை போட்டுத்தான் பிரான்ஸைப் பிடிச்சாங்க"ன்னு பேசறவங்க நிறைய. வரலாற்று ஆய்வாளர்கள் சிலர் அதைக் கடுமையா மறுத்திருக்காங்க. எனக்கும் அவங்க சொல்றதுதான் நியாயமாப் படுது. ரேடியோ வெச்ச டாங்கிகள், துணிச்சலான திட்டம், பிரெஞ்சுத் தலைமையோட தப்புக் கணக்கு எல்லாம் சேர்ந்த வெற்றி அது. அதைவிட முக்கியம், செஞ்ச கொடுமைக்கெல்லாம் "மாத்திரை செஞ்சது"ன்னு யாரும் தப்பிச்சுக்கக் கூடாது. ஹிட்லர் கூட்டம் மாத்திரை போடறதுக்கு முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சு.

எண்களை விட்டுட்டு ஒரு ஆளைப் பாப்போம். 1939 நவம்பர். பிடிபட்ட போலந்தில் இருந்து 21 வயசுச் சிப்பாய் ஒருவன் வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறான். இங்கே ரொம்பக் கஷ்டம், இனி அடிக்கடி எழுத முடியாது என்று சொல்லிவிட்டு, முக்கியமாக ஒரு விஷயம் கேட்கிறான்: பெர்விட்டின் அனுப்பி வையுங்கள். அடுத்த வருஷம் மே மாதம் மறுபடி கேட்கிறான். ஊறுகாயும் முறுக்கும் அனுப்பச் சொல்லி நாம வீட்டுக்கு எழுதற மாதிரி! அந்தப் பையன் பேரு ஹைன்ரிஷ் ப்யோல். பின்னாளில் போரின் அபத்தத்தைப் பற்றியே வாழ்நாள் முழுக்க எழுதி, 1972-ல் இலக்கிய நோபல் பரிசு வாங்கியவர். அவருக்கு அந்த மாத்திரை வீரத்துக்குத் தேவைப்படல. முழிச்சிருக்கத் தேவைப்பட்டுச்சு, அவ்வளவுதான். காவலில் தூங்கினா தண்டனை. "தூக்கம் வருது"ன்னு சொல்றதுக்கு அவருக்கு அங்கே யாரும் கிடையாது.

ஆபத்து தெரியாமலா கொடுத்தாங்க? அதுவும் இல்ல. நாட்டின் சுகாதாரத் துறைத் தலைவர் லியோனார்டோ கோன்டி ஆரம்பத்திலேயே எதிர்த்தார். 1939 நவம்பரில் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று கொண்டு வந்தார். 1941 ஜூலை 1 முதல் அபின் சட்டத்தின் கீழேயே கொண்டு வந்துவிட்டார். அதே வருஷம் ராணுவத்துக்குப் போன மாத்திரை, ஒரு கோடி! (கோன்டி ஒண்ணும் நல்லவர் இல்ல, மனநோயாளிகளைக் கொன்ன திட்டத்துல பங்குள்ள ஆள். ஆனா இந்த விஷயத்துல மட்டும் உண்மை தெரிஞ்சிருந்தது.) ராங்கேயும் தப்பல. அவரே மாத்திரைக்கு அடிமையாகி, அதைப் போட்டுக்கிட்டே வேலை பார்த்திருக்கார். கடன் கொடுத்தவனும் கடனாளி!

ஜெர்மனி மட்டும் இல்லீங்க. பிரிட்டனும் அமெரிக்காவும் பென்செட்ரின் என்ற ஆம்பெட்டமின் மாத்திரையைக் கொடுத்தன. குண்டுவீச்சு விமானங்களில், 1942-ல் எல் அலமைன் பாலைவனப் போரில், எல்லா இடத்திலும் அது இருந்தது. ஜெர்மனியோட சேர்ந்து சண்டை போட்ட ஃபின்லாந்துப் படையில பெர்விட்டினே புழங்குச்சு. ஐமோ கோய்வுனென் என்ற ஃபின்லாந்து வீரர், பின்னாளில் அவரே எழுதிய கதை இது: 1944 மார்ச்சில், பனிச்சறுக்கில் எதிரியிடம் இருந்து தப்பி ஓடும்போது, களைப்பு தாங்காமல் மாத்திரைக் குப்பியைத் திறந்தார். தடிமனான கையுறைக்குள்ள ஒரே ஒரு மாத்திரையைப் பிரிச்செடுக்க முடியல. குழுவுக்கே வெச்சிருந்த 30 மாத்திரையையும் உள்ளங்கையில கொட்டி வாயில போட்டுக்கிட்டார். பிறகு நினைவு வருவதும் போவதுமாக 400 கிலோமீட்டர். நடுவில் கண்ணிவெடியிலும் மாட்டினார். கண்டெடுத்தபோது எடை 43 கிலோ, இதயத்துடிப்பு நிமிஷத்துக்கு 200. இணையத்துல இதைச் சிரிப்புக் கதையாப் பகிர்ந்துக்கறாங்க. நானும் முதல்ல சிரிச்சேன்.

சிரிப்பு நின்ன இடத்தைச் சொல்றேன்.

ரெண்டு வாரம் முன்னாடி, சேலத்து நண்பர் ஒருத்தர் ஊர் சுத்திப் பாக்க வந்திருந்தார். அவரைக் கூட்டிக்கிட்டு எஸ்-பான் ரயில் பிடிச்சு ஒரானியன்பர்க் போனேன். பெர்லினுக்கு வடக்கே முக்கால் மணி நேரம்தான். ஸ்டேஷன்லேர்ந்து இருபது நிமிஷம் நடந்தா ஸாக்ஸன்ஹவுஸன் வதை முகாம், இப்போ நினைவிடம். உள்ளே முகாமோட அணிவகுப்புத் திடலைச் சுத்தி ஒரு பாதை போட்டிருந்தாங்க. ஒரு இடத்துல சரளைக்கல், ஒரு இடத்துல மணல், ஒரு இடத்துல சிமெண்ட், இப்படி. ராணுவத்துக்குப் பூட்ஸ் செய்யற கம்பெனிகளுக்காக, எந்தப் பூட்ஸ் எத்தனை நாள் தாங்கும்னு கைதிகளை நடக்க விட்டுப் பாக்கறதுக்கான பாதை. ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் வரை. அதோட ஒரு பகுதி இன்னும் இருக்கு.

1944 நவம்பரில் அதே பாதையில் இன்னொரு பரிசோதனை நடந்தது. தோற்றுக்கொண்டிருந்த ஜெர்மன் கடற்படைக்கு, ஒருவர் இருவர் போகும் குட்டி நீர்மூழ்கிகளில் நாள் கணக்கில் தூங்காமல் இருக்க ஒரு புது மாத்திரை வேண்டியிருந்தது. 'டி-9' என்று பெயர் வைத்தார்கள். 5 மில்லிகிராம் கொக்கேய்ன், 3 மில்லிகிராம் மெத்தாம்பெட்டமின், கூடவே அபின் வகையைச் சேர்ந்த வலி நிவாரணி. இதைக் கைதிகளுக்குக் கொடுத்து, முதுகில் 20 கிலோ மூட்டையை ஏற்றி, ஓய்வே இல்லாமல் நடக்க விட்டார்கள். 90 கிலோமீட்டர் வரை நடந்திருக்கிறார்கள். அங்கே கைதியாக இருந்த நார்வேக்காரர் ஓட் நான்சன் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்: ஆரம்பத்தில் அவர்கள் பாடிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் போனார்களாம். ஒரு நாள் கழிந்ததும் பெரும்பாலானவர்கள் சுருண்டு விழுந்துவிட்டார்கள்.

அந்தப் பாதையில நானும் ஒரு பத்தடி நடந்தேன். அந்தப் பாட்டும் சிரிப்பும்தான் மனசை விட்டுப் போக மாட்டேங்குது. பட்டினி போட்டு, அடிச்சு, மூட்டை ஏத்தி நடக்க விட்டவனையே பாட வைக்குது அந்த மாத்திரை. அவனோட களைப்பை மட்டும் இல்ல, அவனோட துக்கத்தையும் அவன்கிட்டேர்ந்து பிடுங்கிடுது. என் பதினோரு பக்கத்தை எழுதும்போது எனக்கு இருந்த மிதப்பு ஞாபகம் வந்துச்சு. நான் பட்டதையும் அவங்க பட்டதையும் ஒண்ணுன்னு சொல்ல வரல, சொன்னா பாவம். மாத்திரை பொய் சொல்ற விதம் ஒண்ணுதான்னு சொல்றேன்.

போர் முடிஞ்சாலும் கடன் முடியறதில்ல. ஜப்பானில் 1941 முதல் 'ஃபிலோபோன்' என்ற பெயரில் இதே மருந்து விற்றது. உழைப்பின் மீது காதல்னு அர்த்தம் வர்ற கிரேக்கச் சொல்லாம்! ஆலைத் தொழிலாளிக்கும் கொடுத்தார்கள், திரும்பி வர முடியாத தாக்குதலுக்குப் போன விமானிகளுக்கும் கொடுத்தார்கள். 1945-ல் சரணடைந்த பிறகு ராணுவக் கிடங்குகளில் இருந்தது அத்தனையும் தெருவுக்கு வந்தது. சாம்பலாகிக் கிடந்த ஊர்களில் பசியை மறக்க ஜனங்கள் அதை ஊசியாகப் போட்டுக்கொண்டார்கள். 1951-ல் தடைச்சட்டம் வந்தது. 1954-ல் மட்டும் கைதானவர்கள் 55 ஆயிரத்துக்கும் மேல். பெர்லின்ல படிச்ச நாகாய் அதையெல்லாம் பாக்க உயிரோட இல்ல.

பாடம் படிச்சாங்களான்னு கேட்டா, இல்ல. 1966-லிருந்து 1969 வரை வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படைகளுக்குப் போன ஊக்க மாத்திரைகள் 22 கோடிக்கும் மேல். 2002 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானில் கந்தகார் பக்கத்தில், பயிற்சியில் இருந்த கனடாப் படை மீதே ஒரு அமெரிக்க விமானி குண்டு போட்டார். நாலு பேர் செத்துப் போனார்கள். விசாரணையில் பேசப்பட்ட விஷயங்களில் ஒன்று, விமானிகளுக்குக் கொடுக்கப்பட்ட 'கோ பில்' என்ற ஆம்பெட்டமின் மாத்திரை. அதனால்தான் நடந்தது என்பதை விமானப்படை ஏற்கவில்லை. காரணம் எதுவா இருந்தாலும், முழிச்சிருக்க ஒரு மாத்திரை, இறங்கினதும் தூங்க ஒரு மாத்திரைன்னு வாழ்ந்தவங்க அவங்க. 2024 டிசம்பரில் சிரியாவில் அசாத் ஆட்சி விழுந்தபோது கிடங்கு கிடங்காகப் பிடிபட்ட 'கேப்டகன்' மாத்திரையும் இதே குடும்பம்தான். அந்தப் பெயரில் முதன்முதலில் மருந்து வந்தது 1960-களில், இதே ஜெர்மனியில்.

எல்லாத்தையும் அடுக்கி வெச்சுப் பாத்தா எனக்கு ஒண்ணு தோணுது. "எனக்கு முடியல"ன்னு ஒருத்தன் சொல்லக் கூடாத இடத்துலதான் இந்த மாத்திரை முளைக்குது. களைப்பு உடம்பு எழுதற புகார்க் கடிதம். மேலே இருக்கறவன் திட்டத்தை மாத்த விரும்பாதப்போ, கடிதம் எழுதற கையைக் கட்டிப் போட்டுடறான். கடன் வாங்கறது தளபதி, வட்டி கட்டறது சிப்பாய். அதுவும் முடியலன்னா, முள்வேலிக்குள்ள இருக்கறவன்.

எனக்கு முள்வேலி இல்ல, தளபதியும் இல்ல. என்னை "முடியல"ன்னு சொல்ல விடாம வெச்சிருந்தது நான் மட்டும்தான். அதோட கொஞ்சம் "ஊர்ல என்ன நினைப்பாங்க".

திங்கக்கிழமை மூணு மாத்திரையையும் அந்தப் பையன்கிட்டயே திருப்பிக் கொடுத்தேன். தோளைக் குலுக்கிட்டு வாங்கிப் பையில போட்டுக்கிட்டான். அவன் கண்ணுக்குக் கீழயும் கருவளையம். இந்தக் கதையை அவன்கிட்ட இன்னும் சொல்லல, சொல்லணும். அப்புறம் நேரா புரொபசர் ரூமுக்குப் போய், எச்சில் முழுங்கி, "களைச்சுப் போயிட்டேன், ரெண்டு வாரம் கூடுதலா வேணும்"னேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழட்டிட்டு, "இதைச் சொல்ல இவ்வளவு நாளா உனக்கு?"ன்னாங்க. ஒரு படிவம், ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.

அன்னிக்கு ராத்திரி பதினோரு மணி நேரம் தூங்கினேன் மக்களே. பக்கத்துக்கு ஒரு மணி நேரம்னு வெச்சுக்கோங்க, கணக்கு நேர்.

பரீட்சை, தீசிஸ், டெட்லைன்னு யாராவது இதைப் படிச்சுக்கிட்டு இருந்தா, படிச்சது போதும். போய்த் தூங்குங்க. பின்னூட்டம் காலையில போட்டுக்கலாம்.